எம்லாக் ஜோடி சுவிட்ச்சில் பிழை நீக்கும் வழிமுறை: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

தனித்தனி இரண்டு சுவிட்ச்கள் சேர்ந்துகொண்டு, கீழே இருக்கும் செர்வரிடம் "நாங்கள் ஒரே சுவிட்ச்" என்று பொய் சொல்கின்றன. எம்லாக் என்பது அவ்வளவுதான். சிஸ்கோ நெக்ஸஸில் இது விபிசி, ஜூனிப்பரில் எம்சி-லாக், அரிஸ்டாவில் எம்லாக். பெயர் எதுவானாலும் பொய் நிலைக்க மூன்று வேண்டும். இரண்டு சுவிட்சும் ஒரே எல்ஏசிபி (பல கேபிள்களை ஒரே சேனலாகக் கட்டும் நெறிமுறை) சிஸ்டம் ஐடியை அறிவிக்க வேண்டும். மேக் (வன்பொருள் முகவரி) டேபிள், ஏஆர்பி (ஐபிக்கு உரிய மேக்கைக் கண்டறியும் முறை), நிலைத் தகவல் எல்லாம் பியர் லிங்க் (இரண்டு சுவிட்சையும் இணைக்கும் லிங்க்) வழியே ஒத்துப்போக வேண்டும். பியர் லிங்க் அறுந்தால் "எதிராளி செத்துவிட்டாரா, கேபிள் மட்டும்தான் போனதா" என்று கேட்டறிய தனியாக ஒரு கீப்அலைவ் பாதை வேண்டும்.

இது ஸ்டாக்கிங் (பல சுவிட்சை ஒரே மூளையில் இயக்குவது) அல்ல. கட்டுப்பாட்டு மூளை இரண்டு, கான்ஃபிக் கோப்பும் இரண்டு. ஒன்றில் மாற்றியதை மற்றதில் மாற்ற மறப்பதுதான் கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவற்றின் வேர். அதனால் எந்த அறிகுறிக்கும் முதல் வேலை, இரண்டு சுவிட்சின் கான்ஃபிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுவது.

செர்வரிலிருந்து ஒவ்வொரு சுவிட்சுக்கும் போகும் கேபிளை இங்கே "கால்" என்கிறோம். கட்டளைகள் நெக்ஸஸ் பாணியில் உள்ளன. வேறு தயாரிப்புகளில் பெயர் மாறும், பார்க்க வேண்டிய விஷயம் மாறாது.

எதையும் தொடுவதற்கு முன்

ஷட், நோ ஷட் (போர்ட்டை அணைத்து எழுப்புவது) அடித்துப் பார்க்கும் ஆசையை அடக்கி, இரண்டு சுவிட்சிலும் இவற்றை எடுத்துச் சேமியுங்கள்: ஷோ விபிசி பிரீஃப், ஷோ போர்ட்-சேனல் சம்மரி, ஷோ எல்ஏசிபி நெய்பர், ஷோ எல்ஏசிபி கவுன்டர்ஸ், ஷோ விபிசி கன்சிஸ்டன்சி-பாராமீட்டர்ஸ் குளோபல். அரிஸ்டாவானால் ஷோ எம்லாக் டீடெயிலும் ஷோ எம்லாக் கான்ஃபிக்-சானிட்டியும். போர்ட்டைத் தட்டி எழுப்பினால் பிழை சில சமயம் மறைந்துவிடும். காரணமும் கூடவே மறைந்துவிடும்.

செர்வர் லினக்ஸ் என்றால் ப்ராக், நெட், பாண்டிங் அடைவின் கீழ் இருக்கும் பாண்ட்0 (செர்வர் தன் கால்களைச் சேர்த்துக் கட்டிய இணைப்பு) கோப்பை அப்படியே படியுங்கள். சுவிட்ச் என்ன நினைக்கிறது என்பதைவிட, செர்வர் சுவிட்சைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது பல நேரம் சீக்கிரம் விடை தரும்.

அறிகுறி: லாக் (LAG, கால்களைச் சேர்த்துக் கட்டிய சேனல்) எழவே இல்லை, இரண்டு காலும் கீழே

லிங்க் விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரியவில்லை என்றால் பிரச்சினை எம்லாக்கில் இல்லை: டிரான்ஸீவர், கேபிள், வேகம். 25ஜி, 100ஜி லிங்க்குகளில் இரு முனையிலும் எஃப்இசி (பிழை திருத்தும் குறியாக்கம்) வகை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு முனையில் ஆர்எஸ்-எஃப்இசி, மறுமுனையில் அணைத்து வைத்திருந்தால் கேபிள் புத்தம் புதிதாக இருந்தாலும் லிங்க் எழாது.

விளக்கு எரிந்தும் சேனல் எழவில்லை என்றால் எல்ஏசிபி கவுன்டரைப் பாருங்கள். எண்ணிக்கை மூன்று விதமாக இருக்கும்.

அனுப்பியது ஏறுகிறது, வந்தது பூஜ்யம்: எதிர்முனை எல்ஏசிபி பேசவில்லை. பாண்ட் வேறு மோடில் இருக்கும். லினக்ஸில் 802.3ஏடி என்றால் மோட் 4; மோட் 0, மோட் 1 எதுவும் எல்ஏசிபி பேசாது. விஎம்வேரில் ஸ்டாண்டர்டு விசுவிட்சுக்கு எல்ஏசிபியே கிடையாது. அதற்கு டிஸ்ட்ரிபியூட்டட் சுவிட்ச் வேண்டும். இல்லாவிட்டால் சுவிட்ச் பக்கம் ஸ்டாட்டிக் (எல்ஏசிபி பேசாத) சேனலும், விஎம்வேர் பக்கம் ஐபி ஹாஷும் வைக்க வேண்டும்.

அனுப்பியதும் பூஜ்யம், வந்ததும் பூஜ்யம்: இரு முனையும் பாஸிவ். பாஸிவ் முனை தானாக வாய் திறக்காது, எதிர்முனை பேசினால்தான் பதில் சொல்லும். இரண்டு பாஸிவ் எதிரெதிரே இருந்தால் கடைசி வரை மௌனம்தான். இரண்டு பக்கமும் ஆக்டிவ் வைப்பதே நல்லது. பாஸிவால் கிடைக்கும் லாபம் ஒன்றுமில்லை.

இரண்டும் ஏறுகின்றன, ஆனாலும் சஸ்பெண்ட்: பேச்சு நடக்கிறது, உடன்பாடு இல்லை. அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

ஒரு முனை ஃபாஸ்ட், மறுமுனை ஸ்லோ என்பதைப் பலர் குற்றவாளியாக்குவார்கள். அது குற்றவாளி அல்ல. ஃபாஸ்ட் என்பது "எனக்கு 1 வினாடிக்கு ஒருமுறை அனுப்பு" என்று எதிர்முனையிடம் கேட்பது. ஸ்லோ என்றால் 30 வினாடிக்கு ஒருமுறை. மூன்று பிடியூ (எல்ஏசிபி செய்தி) வராவிட்டால் கணக்கு முடிந்தது, அதாவது 3 வினாடி அல்லது 90 வினாடி. இரு பக்கமும் வேறு வேறாக இருந்தாலும் சேனல் எழும்.

அறிகுறி: ஒரு கால் சேர்கிறது, மற்றது சேர மறுக்கிறது

பொய் வெளிப்படும் இடம் பெரும்பாலும் இதுதான். லினக்ஸ் பாண்ட் கோப்பில் ஒவ்வொரு ஸ்லேவின் (காலின்) கீழும் அக்ரிகேட்டர் (கால்களின் குழு) ஐடி இருக்கும். இரண்டு காலுக்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 1, மற்றதில் 2 என்றிருந்தால், எதிரே இருப்பது இரண்டு வெவ்வேறு சுவிட்ச் என்று செர்வர் கண்டுபிடித்துவிட்டது என்று பொருள். செர்வர் ஒரு அக்ரிகேட்டரை மட்டும் பயன்படுத்தி, மற்றதைச் சும்மா வைத்திருக்கும்.

அதே கோப்பில் பார்ட்னர் சிஸ்டம் மேக்கை இரண்டு ஸ்லேவிலும் ஒப்பிடுங்கள்.

ஒரு காலில் பார்ட்னர் மேக் முழுக்கப் பூஜ்யம், அதாவது 00:00:00:00:00:00: அந்தக் காலில் எல்ஏசிபி பிடியூவே வரவில்லை. அந்தப் போர்ட் சேனலில் சேர்க்கப்படவே இல்லை, அல்லது மோட் ஆன் என்று ஸ்டாட்டிக்காக இருக்கிறது. ஒரு முனை ஸ்டாட்டிக், மறுமுனை எல்ஏசிபி என்பது ஆபத்தான சேர்க்கை. ஸ்டாட்டிக் முனை எல்லாம் சரி என்று நம்பி ஃபிரேம்களை அனுப்பிக்கொண்டே இருக்கும், மறுமுனை அவற்றைக் குப்பையில் போடும்.

இரண்டு மேக்கும் உண்மையானவை, ஆனால் வெவ்வேறு: ஒரு சுவிட்ச் எம்லாக் பொது ஐடியைச் சொல்கிறது, மற்றது தன் சொந்த ஐடியைச் சொல்கிறது. ஒரு சுவிட்சில் போர்ட்-சேனலின் கீழ் விபிசி எண் போடாமல் விட்டதே வழக்கமான காரணம். போர்ட்-சேனல் எண் இரு சுவிட்சிலும் வேறாக இருந்தால் பாதகமில்லை. விபிசி எண் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். இரண்டையும் ஒரே எண்ணாக வைத்துக்கொண்டால் நள்ளிரவில் படிப்பவருக்குப் புண்ணியம். ஜூனிப்பரில் சிஸ்டம்-ஐடி, அட்மின்-கீ, எம்சி-ஏஇ-ஐடி மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். சேசிஸ்-ஐடி மட்டும் ஒன்றில் 0, மற்றதில் 1. ஒன்றிலிருந்து மற்றதற்கு கான்ஃபிக்கை அப்படியே நகலெடுப்பவர்கள் தவறுவது இந்தச் சேசிஸ்-ஐடியில்தான்.

மேக் ஒன்று, கீ (சேனலின் அடையாள எண்) மட்டும் வேறு: இரண்டு கேபிளும் வெவ்வேறு விபிசி எண்களில் செருகப்பட்டிருக்கின்றன. பேட்ச் பேனலில் பக்கத்து செர்வரின் கேபிளோடு இடம் மாறியிருக்கும். எல்எல்டிபி (எதிரே இருப்பது யார் என்று சொல்லும் நெறிமுறை) நெய்பர் பட்டியலை இரு சுவிட்சிலும் எடுத்து, ஒரே விபிசி எண்ணின் கீழ் ஒரே ஹோஸ்ட் பெயர் வருகிறதா என்று பாருங்கள். லேபிளை நம்ப வேண்டாம்.

இன்னொரு வகை, இரண்டு எம்லாக் ஜோடிகளை எதிரெதிரே இணைக்கும்போது வரும். நெக்ஸஸில் பொது சிஸ்டம் மேக் டொமைன் எண்ணிலிருந்தே உருவாகிறது. மேல் ஜோடிக்கும் டொமைன் 10, கீழ் ஜோடிக்கும் டொமைன் 10 என்று வைத்தால், இரண்டு ஜோடியும் ஒரே சிஸ்டம் ஐடியோடு பேசும். எதிரே தன் முகத்தையே பார்க்கும் எல்ஏசிபி சேனலைக் கட்டாது. டொமைன் எண் 1 முதல் 1000 வரை இருக்கிறது. ஜோடிக்கு ஒரு எண் கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். க்யூமுலஸில் சிஸ்-மேக்கை நாமே கொடுக்க வேண்டியிருப்பதால், டெம்ப்ளேட்டை நகலெடுக்கும்போது அங்கேயும் இதே வம்பு வரும். ஓடிக்கொண்டிருக்கும் ஜோடியில் டொமைன் எண்ணை மாற்றினால் எல்லாச் சேனலும் ஒருமுறை விழுந்து எழும், அதற்கான நேரம் ஒதுக்கிக்கொண்டு செய்யுங்கள்.

சிஸ்டம் ஐடி, கீ, கேபிள் மூன்றும் சரி, இருந்தும் செகண்டரி (ஜோடியில் இரண்டாம் நிலை) சுவிட்சில் மட்டும் கால் சஸ்பெண்ட்: கன்சிஸ்டன்சி பட்டியலில் டைப் 1 (கட்டாயம் ஒத்திருக்க வேண்டிய) வரிகளைப் பாருங்கள். எஸ்டிபி (லூப் தடுக்கும் நெறிமுறை) மோட், எம்எஸ்டி (எஸ்டிபியின் ஒரு வகை) ரீஜன், டிரங்க் (பல விலானைச் சுமக்கும் போர்ட்) மோட், நேட்டிவ் விலான் (டேக் இல்லாமல் போகும் விலான்; விலான் என்பது சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்), வேகம், எம்டியூ (அதிகபட்சப் பாக்கெட் அளவு) ஆகியவற்றில் ஒன்று இரு பக்கமும் வேறுபட்டால் கிரேஸ்ஃபுல் கன்சிஸ்டன்சி செக் செகண்டரியின் காலை மட்டும் இறக்கும். பிரைமரி தொடர்ந்து ஓடுவதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ரிடண்டன்சி இல்லாமல் மாதக்கணக்கில் ஓடும் ஜோடிகளில் பல இப்படித்தான் இருக்கின்றன.

அறிகுறி: செர்வர் ஓஎஸ் ஏறிய பின் எல்லாம் சரி, பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழி) பூட் மட்டும் ஆகவில்லை

நெட்வொர்க் கார்டின் பூட் ஃபர்ம்வேர் எல்ஏசிபி பேசாது. நெக்ஸஸ் தன் இயல்பில், எல்ஏசிபி வராத போர்ட்டைச் சஸ்பெண்ட் செய்யும். அந்தச் சேனலில் நோ எல்ஏசிபி சஸ்பெண்ட்-இண்டிவிஜுவல் போடுங்கள். சேனலை ஷட் செய்துவிட்டுத்தான் போட வேண்டும். அரிஸ்டாவில் இதற்கு எல்ஏசிபி ஃபால்பேக், ஜூனிப்பரில் ஃபோர்ஸ்-அப்.

போட்டும் டிஎச்சிபி (ஐபி முகவரி தரும் சேவை) வரவில்லை என்றால் இரண்டு சந்தேகம். பூட் விலான் டேக் இல்லாமல் வர வேண்டும், ஆகவே அது நேட்டிவ் விலானாக இருக்க வேண்டும். போர்ட் எட்ஜ் டிரங்க் வகையில் இல்லாவிட்டால் எஸ்டிபியின் லிசனிங் 15, லேர்னிங் 15 என்று 30 வினாடி போய்விடும். அதற்குள் ஃபர்ம்வேர் கேட்டுச் சலித்துவிடும்.

அறிகுறி: எல்லாம் அப், ஒரு சில விலான் மட்டும் போகவில்லை

மூன்று இடத்தில் விலான் இருக்க வேண்டும்: இரு சுவிட்சின் விலான் டேட்டாபேஸ், இரு காலின் அனுமதிப் பட்டியல், பியர் லிங்க்கின் அனுமதிப் பட்டியல். மூன்றாவதைத்தான் மறப்பார்கள். பியர் லிங்க்கில் இல்லாத விலானை நெக்ஸஸ் அந்த விபிசியில் சஸ்பெண்ட் செய்துவிடும். ஷோ விபிசி பிரீஃப் வெளியீட்டின் கடைசிப் பத்தியில் ஆக்டிவ் விலான் பட்டியலில் அது இருக்காது.

புதிய விலான் சேர்த்த சில நிமிடத்தில் பழைய விலான்கள் எல்லாம் படுத்துவிட்டதா? டிரங்க் அலவுட் விலான் கட்டளையில் ஆட் என்ற சொல்லை விட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் கட்டளை பட்டியலில் சேர்க்காது, பட்டியலையே மாற்றிவிடும். பியர் லிங்க்கில் இதைச் செய்தால் விளைவு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அறிகுறி: சில இணைப்புகள் வேலை செய்கின்றன, சில இல்லை, அதே செர்வர், அதே நேரம்

"பாதி வேலை செய்கிறது" என்ற புகார் வந்தால் ஹாஷை நினையுங்கள். மூலம், இலக்கு ஐபியையும் போர்ட் எண்ணையும் வைத்து ஹாஷ் ஒரு காலைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரு கால் கெட்டிருந்தால், அந்தக் காலுக்கு விழும் இணைப்புகள் மட்டும் தோற்கும். ஒரே பிங் எப்போதும் ஒரே காலில்தான் போகும், அதனால் "பிங் போகிறதே" என்பது எதையும் நிரூபிக்காது. பல மூல ஐபிகளிலிருந்து, பல இலக்குகளுக்கு முயலுங்கள். நெக்ஸஸில் ஷோ போர்ட்-சேனல் லோட்-பேலன்ஸ் ஃபார்வர்டிங்-பாத், குறிப்பிட்ட ஐபி ஜோடி எந்தப் போர்ட்டில் போகும் என்று சொல்லிவிடும்.

எந்தக் கால் என்று தெரிந்த பின் வரிசையாகப் பாருங்கள்.

1. இன்டர்ஃபேஸில் சிஆர்சி (ஃபிரேம் சிதைவு) பிழை ஏறுகிறதா? பத்து நிமிட இடைவெளியில் இருமுறை எடுங்கள். பழைய எண்ணிக்கை பேசாது, வளர்ச்சிதான் பேசும். ஏறினால் ஆப்டிக்கல் ஆர்எக்ஸ் பவரை மற்றக் காலோடு ஒப்பிட்டு, கனெக்டரைத் துடைத்து, பிறகு டிரான்ஸீவரை மாற்றுங்கள். துடைக்காமல் மாற்றினால் அழுக்கு புதிய டிரான்ஸீவருக்கும் ஏறும்.

2. பெரிய பாக்கெட் மட்டும் தோற்கிறதா? எம்டியூ. செர்வரில் 9000 வைத்திருந்தால், துண்டாக்காமல் 8972 பைட் பிங் போக வேண்டும். 20 ஐபி தலைப்புக்கும் 8 ஐசிஎம்பி தலைப்புக்கும் போய்விடும். சுவிட்சில் 9216 என்று வைப்பது வழக்கம். இரு காலிலும் மட்டுமல்ல, பியர் லிங்க்கிலும் வேண்டும். இல்லாவிட்டால், ஒரு கால் அறுந்து போக்குவரத்து பியர் லிங்க் வழி திரும்பும் நாளில்தான் இந்தப் பிழை தலைகாட்டும்.

3. ஒரு இழை மட்டும் அறுந்திருக்கிறதா? நேரடி 10ஜி ஃபைபரில் ரிமோட் ஃபால்ட் சமிக்ஞை வந்து இரு முனையும் இறங்கிவிடும். நடுவே மீடியா கன்வர்ட்டரோ டிடபிள்யூடிஎம் கருவியோ இருந்தால் அந்தச் சமிக்ஞை மறைந்து, ஒரு முனை மேலேயே நிற்கும். எல்ஏசிபி ஸ்லோவில் இருந்தால் 90 வினாடி வரை பாக்கெட்டுகள் பாழாகும். இத்தகைய லிங்க்கில் ஃபாஸ்ட் வையுங்கள். ஆனால் சேவை நிறுத்தாமல் சாஃப்ட்வேர் மேம்படுத்தும் சுவிட்ச்களில் யோசித்து வையுங்கள்: மேம்படுத்தும்போது மூளை சிறிது நேரம் பேசாமல் இருக்கும், 3 வினாடிக்குள் எதிர்முனை சேனலை இறக்கிவிடும்.

கால் இரண்டும் சுத்தம், ஆனால் ஸ்டோரேஜ் பெட்டியோ லோட் பேலன்சரோ மட்டும் பாதி நேரம் பதில் சொல்லவில்லை என்றால் காரணம் வேறு. இத்தகைய சில கருவிகள் பதில் அனுப்பும்போது கேட்வேயின் மேக்கை ஏஆர்பியில் தேடாமல், வந்த ஃபிரேமில் இருந்த மூல மேக்குக்கே திருப்பி அனுப்பும். அந்த மேக் சுவிட்ச் ஒன்றின் சொந்த மேக். ஹாஷ் அதைச் சுவிட்ச் இரண்டுக்குத் தள்ளினால், அது "எனக்கல்ல" என்று பியர் லிங்க் வழியே சுவிட்ச் ஒன்றுக்கு அனுப்பும். சுவிட்ச் ஒன்று ரூட் செய்து இன்னொரு விபிசி காலில் வெளியே விட முயலும். அங்கேதான் லூப் தடுப்பு விதி குறுக்கே நிற்கிறது: பியர் லிங்க் வழி வந்த ஃபிரேம், இரு காலும் உயிரோடிருக்கும் எம்லாக் போர்ட்டில் வெளியேறக் கூடாது. பாக்கெட் அங்கேயே சாகும், பதிவேட்டில் (லாக்) ஒரு வரிகூட இராது. மருந்து பியர்-கேட்வே: ஒருவர் மேக்குக்கு வந்ததை மற்றவரே ரூட் செய்துவிடுவார். விபிசியில் ரூட்டிங் இருந்தால் இதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

அறிகுறி: மேக் ஃபிளாப் என்று பதிவேடு (லாக்) நிரம்புகிறது

ஒரே மேக் ஒருமுறை போர்ட்டிலும், மறுமுறை பியர் லிங்க்கிலும் தென்படுகிறது. செர்வர் பாண்ட் எல்ஏசிபி இல்லாமல் இரண்டு காலிலும் அனுப்புகிறது, சுவிட்ச் அவற்றை ஒரே எம்லாக்காக அறியவில்லை. ஃபிளாப் ஆகும் மேக்கை எடுத்து, அது எந்தச் செர்வர் என்று பார்த்து, பாண்ட் மோடைச் சரிசெய்யுங்கள். பல மேக்குகள் ஒரே நேரத்தில் ஃபிளாப் ஆனால், கூடவே பிராட்காஸ்ட் எண்ணிக்கையும் விறுவிறுவென ஏறினால், அது லூப். முதலில் கடைசியாகச் செருகிய கேபிளைப் பிடுங்குங்கள், ஆராய்ச்சி அப்புறம்.

அறிகுறி: பியர் லிங்க் அறுந்ததும் சேவை நின்றது

நியாயமாக என்ன நடக்க வேண்டும்? பியர் லிங்க் விழுந்தது, கீப்அலைவ் உயிரோடு இருக்கிறது. "எதிராளி இருக்கிறார், கேபிள்தான் இல்லை" என்று செகண்டரி புரிந்துகொண்டு, தன் விபிசி கால்களையும் எஸ்விஐ (விலானின் கேட்வே) இன்டர்ஃபேஸ்களையும் இறக்கிவிடும். செர்வர்கள் பிரைமரி கால் வழியே தொடரும். செகண்டரியின் கால்கள் இறங்கியது பழுதல்ல, வடிவமைப்பு. பதறிப்போய் அவற்றை நோ ஷட் செய்து எழுப்பப் பார்க்க வேண்டாம். பியர் லிங்க்கைச் சரிசெய்யுங்கள்.

இந்த நிலையில் சேவை இழப்பவர்கள் ஆர்ஃபன்கள்: செகண்டரியில் ஒரே கேபிளில் தொங்கும் கருவிகள். போர்ட் அப், விளக்கு பச்சை, கேட்வே இல்லை. ஆக்டிவ்-ஸ்டான்ட்பை முறையில் இரண்டு சுவிட்சிலும் கேபிள் வைத்திருக்கும் ஃபயர்வாலுக்கு இது இன்னும் கொடுமை: லிங்க் இறங்காததால் அது ஸ்டான்ட்பைக்கு மாறவே மாறாது. அந்தப் போர்ட்டில் விபிசி ஆர்ஃபன்-போர்ட் சஸ்பெண்ட் போட்டால், விபிசி கால்களோடு அதுவும் இறங்கும், ஃபயர்வாலும் மாறிக்கொள்ளும்.

இரண்டு சுவிட்சும் தம்மைப் பிரைமரி என்று சொன்னால் அது டுயல்-ஆக்டிவ். பியர் லிங்க்கும் கீப்அலைவும் இரண்டும் இல்லை. விபரீதம் என்னவென்றால், உடனே எல்லாம் நிற்காது. ஓடிக்கொண்டிருந்தவை பல ஓடும். மேக், ஏஆர்பி ஒத்திசைவு நின்றுபோனதால் புதியவை தாறுமாறாகத் தோற்கும். காரணத்தைக் கீப்அலைவில் தேடுங்கள்.

கீப்அலைவைப் பியர் லிங்க் மேலேயே ஒரு விலானில் ஓட்டியிருந்தால், கேபிள் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். அப்படி வைப்பதும் கீப்அலைவே இல்லாமல் இருப்பதும் ஒன்றுதான். மேனேஜ்மென்ட் போர்ட்டில், தனி விஆர்எஃபில் (தனி ரூட் டேபிளில்) வையுங்கள். இரண்டு சூப்பர்வைசர் (கட்டுப்பாட்டு கார்டு) உள்ள பெரிய சேசிஸில் மேனேஜ்மென்ட் போர்ட்டுகளை நேரடியாகக் கேபிளால் இணைக்க வேண்டாம். சூப்பர்வைசர் மாறினால் உயிருள்ள போர்ட் வேறாகிவிடும். நடுவே ஒரு மேனேஜ்மென்ட் சுவிட்ச் வேண்டும்.

கீப்அலைவ் தனியாகச் செத்தால் போக்குவரத்தில் எந்த மாற்றமும் தெரியாது. யாரோ மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கில் ஏசிஎல் (அனுமதி விதிப் பட்டியல்) போட்டு யூடிபி 3200-ஐ அடைத்திருப்பார்கள். மாதங்கள் கழித்துப் பியர் லிங்க் போகும் அன்றுதான் அதற்கான விலை. கண்காணிப்பு மென்பொருளில் கீப்அலைவ் நிலைக்குத் தனி எச்சரிக்கை கண்டிப்பாக வேண்டும். நெக்ஸஸ் இயல்பில் 1 வினாடிக்கு ஒருமுறை அனுப்பி, 5 வினாடி காத்திருக்கிறது. இந்த எண்களை மாற்றத் தேவை வருவது அரிது.

டுயல்-ஆக்டிவிலிருந்து மீளும்போது முதலில் கீப்அலைவ், பிறகு பியர் லிங்க். பியர் லிங்க்குக்குக் குறைந்தது இரண்டு லிங்க், முடிந்தால் வெவ்வேறு லைன் கார்டில்.

மின்சாரம் போய் இரண்டு சுவிட்சும் இறங்கி, ஒன்று மட்டும் திரும்பி எழுந்தால் அதன் விபிசிகள் எழாமலே நிற்கலாம். எதிராளியைப் பார்க்காமல் அது துணியாது. ஆட்டோ-ரெக்கவரி இயங்கினால் 240 வினாடி பார்த்துவிட்டு, தானே பிரைமரி பொறுப்பை ஏற்கும்.

அறிகுறி: சுவிட்ச் விழும்போது சரி, திரும்பி எழும்போது ஒரு நிமிடத் தடை

சுவிட்ச் ரீலோட் ஆகி வருகிறது. கால்கள் எழுந்துவிட்டன, செர்வர் பாதிப் போக்குவரத்தை அனுப்பத் தொடங்கிவிட்டது. ஆனால் மேலே ஓஎஸ்பிஎஃப், பிஜிபி (ரூட்டிங் நெறிமுறைகள்) இன்னும் ரூட் கற்கவில்லை. வந்ததெல்லாம் கிணற்றில். கால்கள் எழுவதைத் தாமதிக்கும் டிலே ரெஸ்டோர் இயல்பில் 30 வினாடி. ரூட் டேபிள் பெரிதாக இருந்தால் அது போதாது. ரீலோட் செய்து, ரூட்டுகள் முழுதும் வந்துசேர எத்தனை வினாடி என்று அளந்து, அதைவிட அதிகமாக வையுங்கள். அரிஸ்டாவில் இதே வேலையை ரீலோட்-டிலே செய்கிறது, வழக்கமான மதிப்பு 300. "எழுந்து ஐந்து நிமிடம் ஆகியும் எம்லாக் போர்ட் எரர்-டிஸேபிளில் இருக்கிறதே" என்று பதறுவதற்கு முன் காரணப் பத்தியைப் படியுங்கள். எம்லாக்-ஐஎஸ்எஸ்யூ என்று எழுதியிருந்தால் அது ரீலோட்-டிலே காத்திருப்புதான்.

அறிகுறி: ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்ஸ்டார்ட்டிலோ எக்ஸ்சேஞ்சிலோ (நெய்பர் உறவின் இடைநிலைகள்) நின்றுவிடுகிறது

வழக்கமாக எம்டியூவைச் சந்தேகிப்போம். அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். ரூட்டர் விபிசி வழியே இரண்டு சுவிட்சோடும் நெய்பர் ஆகிறதென்றால் காரணம் பெரும்பாலும் பியர்-கேட்வே. ஹலோ மல்டிகாஸ்ட், ஆகவே இருவருக்கும் போய்விடும். டேட்டாபேஸ் பாக்கெட் யூனிகாஸ்ட், டிடிஎல் (எத்தனை ரூட்டரைத் தாண்டலாம் என்ற எண்) 1. சுவிட்ச் இரண்டுக்குப் போக வேண்டியது ஹாஷால் சுவிட்ச் ஒன்றில் இறங்குகிறது. பியர்-கேட்வே இருப்பதால் சுவிட்ச் ஒன்று அதை ரூட் செய்யப் பார்த்து டிடிஎல்லைக் குறைக்கிறது, பாக்கெட் சாகிறது. டொமைனில் லேயர்3 பியர்-ரூட்டர் போட்டால் டிடிஎல் குறையாது. அதைவிட நல்ல வழி, ரூட்டருக்கு ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் தனித்தனி எல்3 லிங்க் கொடுத்து, ரூட்டிங்கை எம்லாக்கிலிருந்து விலக்கி வைப்பது.

அறிகுறி: நான்கு 10ஜி லிங்க், வேகம் 10ஜியைத் தாண்டவில்லை

ஒரு ஃப்ளோ (ஒரே இணைப்பின் பாக்கெட் தொடர்) ஒரே லிங்க்கில்தான் போகும். இது பழுதல்ல. பல ஃப்ளோக்களும் ஒரே லிங்க்கில் விழுந்தால்தான் பிழை. லினக்ஸ் பாண்டின் இயல்பு ஹாஷ் லேயர்2. எல்லாம் ஒரே கேட்வே மேக்குக்குப் போவதால் எல்லாம் ஒரே லிங்க்கில் போகும். லேயர்3+4 ஆக்குங்கள்.

செர்வரிலிருந்து வெளியே போவது சமமாகவும், உள்ளே வருவது ஒரே காலிலும் இருந்தால் செர்வர் பக்கத்து எம்லாக்கைக் குடைய வேண்டாம். சுவிட்ச் தன்னிடம் வந்ததைத் தன் சொந்தக் காலிலேயே இறக்கும், பியர் லிங்க் தாண்டி மற்றக் காலுக்கு அனுப்பாது. எந்தக் கால் என்று தீர்மானிப்பது மேலே இருக்கும் சுவிட்சின் ஹாஷ். மேலும் கீழும் ஒரே ஹாஷ், ஒரே சீட் (ஹாஷின் தொடக்க எண்) என்றால், மேலே பிரித்தது கீழே மறுபடி பிரியாமல் பாதி லிங்க்குகள் காலியாகவே நிற்கும். ஒரு அடுக்கில் சீடையோ ஹாஷ் புலங்களையோ மாற்றுங்கள்.

சரிசெய்த பின் சோதனை

கட்டளையில் ஷட் அடிப்பதும் கேபிளைப் பிடுங்குவதும் ஒன்றல்ல, பிடுங்கிப் பாருங்கள். வெவ்வேறு ஐபி ஜோடிகளுக்கு நான்கைந்து பிங் 0.2 வினாடி இடைவெளியில் ஓடட்டும். தொலைந்த பிங் எண்ணிக்கையை 0.2 ஆல் பெருக்கினால் தடை எத்தனை வினாடி என்று வந்துவிடும். வரிசை இப்படி: முதல் கால், மற்றக் கால், பியர் லிங்க்கில் ஒரு லிங்க், கீப்அலைவ் மட்டும், கீப்அலைவைத் திரும்பச் செருகிய பின் பியர் லிங்க் முழுவதும், பிரைமரியின் மின்சாரம், கடைசியாக அதே பிரைமரி திரும்பி எழும் நேரம். ஒவ்வொன்றுக்கும் நடுவே கன்சிஸ்டன்சி வெளியீட்டைப் பார்த்து, எல்லாம் சக்சஸ் என்று வந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

பிரைமரி திரும்பி வந்ததும் ஷோ விபிசி ரோலில் "பிரைமரி, ஆபரேஷனல் செகண்டரி" என்று வரும். நெக்ஸஸில் ரோல் தானாகத் திரும்பாது. அதைச் சரிசெய்கிறேன் என்று பியர் லிங்க்கை மறுபடி தட்ட வேண்டாம்.